பேரன் நம் வீட்டில் இருக்கிறான், காகிதத்தில் யாரிடம் இருக்கிறான்?

மகள் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை குழந்தையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மருமகன் பிள்ளையை மாமியார் வீட்டிலேயே விட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார். முதலில் மாதம் ஒருமுறை வருவார், பிறகு தீபாவளி பொங்கலுக்கு. மூன்று வருடம் இப்படியே ஓடும். மறுமணம் முடிந்த கையோடு ஒருநாள் போன் வரும்: "ஜூன்ல இங்க ஸ்கூல்ல சேர்க்கணும், பையனை ரெடி பண்ணி வைங்க அத்தை."

அந்தப் போனுக்குப் பிறகுதான் பெரும்பாலான தாத்தா பாட்டிகளும் சித்திகளும் தாய்மாமன்களும் வக்கீல் ஆபீஸ் வாசலுக்கு வருகிறார்கள். வந்ததும் சொல்லும் முதல் வாக்கியம், "நாங்கதான சார் வளர்த்தோம்." கோர்ட்டுக்கு அது ஒரு தொடக்கம் மட்டுமே. வளர்த்ததை எதை வைத்துக் காட்டுகிறீர்கள், வளர்த்த காலத்தில் அப்பாவைக் குழந்தையின் வாழ்க்கையில் எங்கே வைத்திருந்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளில்தான் வழக்கு நிற்கும். இரண்டுக்கும் பதில் போன் வருவதற்கு முந்திய அந்த மூன்று வருடத்தில் சேர்த்திருக்க வேண்டியது.

சட்டத்தின் நிலையை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். பெற்றவரில் ஒருவர் உயிரோடு இருக்கும்போது, மற்ற உறவினர் யாருக்கும் குழந்தை மீது தானாக வந்து சேரும் உரிமை கிடையாது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், பிரிவு 6-இல் மணமாகாத குழந்தைக்கு இயற்கைப் பாதுகாவலர் என்று அப்பாவையும் அம்மாவையும் மட்டுமே சொல்கிறது. தாத்தா பாட்டி அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு பிரிவு 13: யாருடைய உரிமையையும்விடக் குழந்தையின் நலனே முதன்மை. முஸ்லிம் குடும்பங்களில் நிலைமை கொஞ்சம் வேறு. தாய் இறந்தால் சிறு குழந்தையை வளர்க்கும் பொறுப்பு தாயின் தாய்க்குப் போகும் என்று ஷரியத் சட்டமே சொல்கிறது. ஹனஃபி வழக்கில் ஆண் குழந்தைக்கு 7 வயதுவரை, பெண் குழந்தைக்குப் பருவமடையும்வரை. எந்த மதமானாலும் மனு போடுவது 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்புரியோர் சட்டத்தின் கீழ்தான். அந்த மனுவைக் கோர்ட்டு வட்டாரத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. கார்டியன் வேறு, கஸ்டடி வேறு. கார்டியன் என்றால் குழந்தைக்காக முடிவெடுக்கும், கையெழுத்துப் போடும் சட்ட அதிகாரம். கஸ்டடி என்றால் குழந்தை யார் வீட்டில், யார் கவனிப்பில் வளர்கிறது என்பது. 1890 சட்டத்தின் பிரிவு 19, அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று கோர்ட்டு கருதாதவரை, வேறொருவரைக் கார்டியனாக நியமிக்கத் தடை போடுகிறது. "எங்களைக் கார்டியனாக நியமிக்க வேண்டும்" என்று மட்டும் மனுவில் கேட்டால், அப்பா ஒரு குடிகாரர், கொலைகாரர் என்று நிரூபிக்கும் பாரத்தை நாமே தலையில் ஏற்றிக்கொள்கிறோம். பல வீடுகளில் மருமகன் அப்படிப்பட்டவர் இல்லை, சாதாரண ஆள். அப்போது அந்த மனு தோற்கும். கஸ்டடி கேட்பதற்குப் பிரிவு 19 தடையில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் தாய் இறந்து, தந்தை மறுமணம் செய்திருந்தார். பிள்ளைகள் தாய்வழி உறவினரிடம் இருந்தார்கள். இடைக்காலத்தில் அங்கேயே இருக்கட்டும் என்றது நீதிமன்றம். ஆகவே மனுவின் கோரிக்கைப் பகுதியை வக்கீலோடு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படியுங்கள். நிரந்தரக் கஸ்டடி, அது கிடைக்காவிட்டால் பள்ளி ஆண்டு முடியும்வரையாவது கஸ்டடி, அதுவும் இல்லாவிட்டால் வார இறுதியிலும் விடுமுறையிலும் பார்க்கும் உரிமை என்று மூன்றையும் கேட்டிருக்க வேண்டும். கேட்காததைக் கொடு என்று கடைசி நாளில் கெஞ்சுவதைவிட இது நல்லது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும். 2008-இல், தாயின் மரணத்தில் தந்தை மீதே குற்ற வழக்கு நடந்த நிலையில், தாய்வழித் தாத்தா பாட்டியிடமே சிறுவன் இருக்கட்டும் என்றார்கள்; தந்தை மீதுள்ள வழக்கைக் கீழ்க்கோர்ட்டு கணக்கில் எடுக்காததே தவறு என்றார்கள். 2019-இல் தாய் புற்றுநோயில் இறந்து, தந்தையும் நோயில் படுத்திருந்த நேரத்தில் கைக்குழந்தையைத் தாயின் உடன்பிறந்தவர்கள் கவனித்தார்கள். தந்தை தேறி வந்து கேட்டதும் குழந்தை தந்தையிடமே போனது. 2022-இல் கொரோனாவில் இரு பெற்றோரையும் இழந்த சிறுவனுக்காகத் தந்தைவழித் தாத்தா பாட்டியும் தாயின் தங்கை அக்கா வகையறாவும் மோதினார்கள். வயதையும் வருமானத்தையும் மட்டும் வைத்துத் தாத்தா பாட்டியைத் தள்ள முடியாது என்று அவர்களிடமே கொடுத்தார்கள். 2024 மார்ச்சில், சின்ன வயதிலிருந்து உறவினர் வீட்டில் வளர்ந்து 14 வயதை ஒட்டிய பெண், அங்கேயே இருக்கிறேன் என்று சொன்னதால் அவளைப் பெயர்க்க மறுத்தார்கள். அதே 2024 ஆகஸ்டில், சூழ்நிலையால் கொஞ்ச காலம் ஒப்படைத்ததற்காகத் தந்தையின் உரிமை போய்விடாது என்று தாயின் சகோதரிகளிடமிருந்த குழந்தையைத் தந்தையிடம் அனுப்பினார்கள்.

ஆக, கைக்குழந்தை, ஓரிரு வருடம், குறையில்லாத அப்பா என்றால் நம் பக்கம் பலவீனம். பத்து வயது தாண்டிய பிள்ளை, நினைவு தெரிந்த நாளிலிருந்து நம் வீடு, எட்டிப் பார்க்காத அப்பா என்றால் பலம். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் ஆவணம் முக்கியம். ஒன்றை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்: வசதி வாதம் எடுபடாது. "எங்க வீடு மாடி வீடு, அவர் ஒண்டிக்குடித்தனம்" என்று சொல்லி யாரும் ஜெயித்ததாகத் தெரியவில்லை.

ஸ்டாம்ப் பேப்பர் விஷயம். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், "இனி குழந்தை மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று மருமகனிடம் எழுதி வாங்கி, நோட்டரி முத்திரையும் குத்தி, பீரோவில் வைத்திருப்பார்கள். அந்தக் காகிதத்தால் கஸ்டடி மாறாது. தத்து எடுத்ததாகவும் ஆகாது. ஆனாலும் கிழித்துப் போடாதீர்கள். எந்தத் தேதியில், எந்தச் சூழ்நிலையில் குழந்தை நம்மிடம் வந்தது என்பதற்கு அது சாட்சி. அதில் "தற்காலிகமாக" என்ற சொல் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் வாசிப்பது அந்த இடத்தைத்தான். இன்னும் எழுதவில்லை என்றால், உரிமையை விட்டுக்கொடுக்கும் வசனமெல்லாம் வேண்டாம். எந்த நாளிலிருந்து குழந்தை யார் வீட்டில் இருக்கிறது, ஏன், செலவு யார் செய்கிறார்கள், அப்பா எப்போது வந்து பார்க்கலாம் என்று நான்கு விவரம் இரு தரப்புக் கையெழுத்தோடு இருந்தால் போதும்.

மனு எங்கே போடுவது? குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் எந்தக் கோர்ட்டின் எல்லையோ அங்கே. இது 1890 சட்டத்தின் பிரிவு 9. குடும்ப நீதிமன்றம் இருந்தால் அங்கே, இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். அப்பா ஓசூரில் இருந்தாலும் குழந்தை மூன்று வருடமாக விருத்தாசலத்தில் படித்தால் எல்லை நம் பக்கம்தான். இதனால்தான் விடுமுறைக்குக் கூட்டிப்போன அப்பா பள்ளியை மாற்றிவிட்டால் உடனே போட வேண்டும் என்பது. ஆறு மாதம் சும்மா இருந்தால் குழந்தை "வழக்கமாக வசிக்கும் ஊர்" எது என்பதே தகராறாகிவிடும்.

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 10 வரிசைப்படுத்துகிறது: குழந்தையின் பெயர், மதம், பிறந்த தேதி, வசிக்கும் இடம், சொத்து இருந்தால் அதன் விவரமும் மதிப்பும், இப்போது யாரிடம் இருக்கிறது, நெருங்கிய உறவினர் யார் யார், அவர்கள் எங்கே இருக்கிறார்கள், முன்பு எங்காவது மனு போட்டதுண்டா, நமக்கு என்ன தகுதி, ஏன் கேட்கிறோம். இதோடு கார்டியனாக இருக்கச் சம்மதம் என்று அந்த நபர் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்ட தனி உறுதிமொழி வேண்டும். இது இல்லாமல் போட்டால் வழக்கு நம்பர் ஆகாமல் ரிட்டர்ன் வரும். அப்பாவழி உறவினர் பெயரை வேண்டுமென்றே விடுவது இன்னொரு பழக்கம். வேண்டாம். எதிர்த்தரப்பு தாக்கல் செய்யும் பதில் மனுவில் (கவுன்ட்டர்) அதைத்தான் முதல் பத்தியாக எழுதுவார்கள்.

அப்பாவின் விலாசம் சரியாக இருக்க வேண்டும். பழைய விலாசத்துக்கு நோட்டீஸ் போய், ஆள் இல்லை என்று திரும்பி, எதிர்த்தரப்பு வராமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு வாங்கி மகிழ்பவர்கள் உண்டு. அந்த உத்தரவு எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும் காகிதம். நோட்டீஸ் அனுப்பும் கட்டணமான பேட்டா கட்டி, தபாலிலும் கோர்ட்டு ஊழியரான அமீனா மூலமும் முயன்று, உண்மையிலேயே ஆள் கிடைக்காவிட்டால் பத்திரிகை விளம்பரம் கொடுத்து வாங்கும் உத்தரவுதான் நிற்கும்.

வயதான பாட்டி மட்டும் மனுதாரராக இருந்தால், "உங்களுக்கு 68, சர்க்கரை இருக்கு, பிள்ளைக்கு 6. இன்னும் பன்னிரண்டு வருடத்துக்கு யார்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ இருக்கும் சித்தியையோ மாமாவையோ இரண்டாம் மனுதாரராகச் சேர்ப்பது நல்லது. பெயருக்குச் சேர்த்தால் பிடிபடும். அந்த மாமாவுக்குக் குழந்தையின் வகுப்பு ஆசிரியர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஆவணம். பிறப்புச் சான்று, தாயின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர், பள்ளியின் போனஃபைட் இதெல்லாம் எல்லோரும் கொண்டுவருவது. வழக்கைத் தூக்கி நிறுத்துவது வேறு ரகக் காகிதம். ரேங்க் கார்டில் "பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்" என்ற கட்டத்தைப் பாருங்கள். எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்புவரை ஒவ்வொரு பருவத்திலும் பாட்டியின் கோணல் கையெழுத்து இருந்தால், அதைவிடப் பேசும் சாட்சி இல்லை. தடுப்பூசி அட்டையில் ஐந்து ஆறு வயதில் போடும் பூஸ்டரின் தேதியும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் முத்திரையும். காய்ச்சலுக்குக் காட்டிய சீட்டுகள், மருந்துக்கடை பில்லோடு. பள்ளிக் கட்டண ரசீதில் கட்டியவர் பெயர். பெற்றோர் கூட்டத்து வருகைப் பதிவு. இவற்றைத் தேதிவாரியாக அடுக்கி மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலைத் தனி ஃபைலில் வையுங்கள். ரேங்க் கார்டைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டவர்கள் பள்ளியில் எழுதிக் கொடுத்து நகல் கேட்கலாம். வருகைப் பதிவேடும் அங்கே இருக்கும்.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்படியே தாக்கல் செய்தால் ஆட்சேபம் வரும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டம், பிரிவு 63-இன்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். போனை மாற்றுவதாக இருந்தால் பழைய போனை விற்காமல் வைத்திருங்கள்.

அடுத்தது அப்பாவின் வருகை. பெரும்பாலான குடும்பங்கள் சறுக்கும் இடம் இதுதான். மகள் போன கோபத்தில் மருமகன் போனை எடுப்பதில்லை, வந்தால் கதவைத் திறப்பதில்லை, பிறந்தநாள் டிரஸ்ஸைத் திருப்பி அனுப்புவது. அது துக்கம், புரிகிறது. கோர்ட்டில் அதற்குப் பெயர், குழந்தையைத் தந்தையிடமிருந்து பிரித்தல். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், என்ன கொண்டுவந்தார், போனில் எத்தனை நிமிடம் பேசினார். வராத மாதத்தில் நாமே, "பையனுக்கு ஞாயித்துக்கிழமை லீவு, வாங்க" என்று செய்தி அனுப்ப வேண்டும். அவர் வந்தால் குழந்தைக்கு நல்லது. வராவிட்டால் அந்தச் செய்தி நம் ஃபைலுக்கு நல்லது. குடித்து அடித்தவர், பாலியல் தொந்தரவு புகார் உள்ளவர் என்றால் இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே முதல் வேலை குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிப் பதிவு வாங்குவது.

குழந்தையை நீதிபதி தன் அறையில் தனியாகப் பார்ப்பார். என்ன சாப்பிட்ட, யாரு பக்கத்துல படுப்ப, ஸ்கூல்ல பெஸ்ட் ஃப்ரெண்ட் யாரு என்றுதான் பேச்சு தொடங்கும். பாட்டி தோசை சுடும்போது ஓரத்தை முறுக விடும் என்று பிள்ளை சொன்னால் அங்கே ஒரு வீடு தெரியும். ஆறு வயதுப் பையன், "அப்பா வந்தா எனக்கு மன உளைச்சல்" என்று சொன்னால் அங்கே தெரிவது வக்கீல் ஆபீஸ். முந்தின ராத்திரி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதால் இதுவரை குழந்தைக்கும் நன்மையில்லை, வழக்குக்கும் நன்மையில்லை. நன்றாகத் தூங்க வைத்து, கோர்ட்டு வளாகத்தில் பசிக்கும் என்பதால் டப்பாவில் சாப்பாடு எடுத்துப்போங்கள். வாய்தா மதியத்துக்குத் தள்ளிப்போவது சகஜம்.

அப்பா தரப்பு எப்போதும் குடும்ப நீதிமன்றத்துக்கே வரும் என்று நினைத்து அசட்டையாக இருக்கக் கூடாது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். திருச்சி, தஞ்சை, மதுரை, நெல்லைப் பக்கம் என்றால் மதுரைக் கிளை. வருடக்கணக்கில் போகும் ஜி.டபிள்யூ.ஓ.பி. போல இல்லாமல் சில வாரத்திலேயே, குழந்தையோடு ஆஜராகச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். அப்போது பதுக்கவே கூடாது. பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "ஊருக்குப் போயிருக்கு" என்று சொன்ன நிமிடம் வழக்கு கவிழ்ந்துவிடும். நாம் முன்கூட்டியே கஸ்டடி மனு தாக்கல் செய்து எண்ணும் வாங்கியிருந்தால், அதைக் காட்டி, விரிவான விசாரணை அங்கேயே நடக்கட்டும் என்று கேட்க ஓர் இடம் கிடைக்கும். கிடைத்தே தீரும் என்றில்லை. ஒன்றும் போடாதவருக்கு அந்த இடமும் கிடையாது.

காவல் நிலையத்தில் பஞ்சாயத்து நடக்கும்போது, "குழந்தையைக் குடுத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று அழுத்துவார்கள். கஸ்டடியை முடிவு செய்வது கோர்ட்டு. கோர்ட்டில் மனு நிலுவையில் உள்ளது என்று எண்ணோடு எழுதிக் கொடுங்கள், மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். வாக்குவாதம் வேண்டாம்.

பணம் இருக்கும் குடும்பத்தில் வரும் முதல் குற்றச்சாட்டு, "இன்சூரன்ஸ் பணத்துக்காகத்தான் பிள்ளையை வெச்சிருக்காங்க." தாயின் எல்.ஐ.சி., பி.எஃப்., நகை எதுவானாலும் குழந்தையின் பங்கைக் குழந்தை பெயரில் டெபாசிட் போட்டு, ரசீது நகலைக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டால் அந்த வாய் அடைபடும். நாமினி என்பதாலேயே பணம் முழுதும் நம்முடையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைகளோடு கணவரும் வாரிசு என்பதையும் மறக்கக் கூடாது. கோர்ட்டு நியமித்த கார்டியனானாலும் குழந்தையின் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கோர்ட்டு அனுமதி வேண்டும், 1890 சட்டத்தின் பிரிவு 29.

பணம் இல்லாத குடும்பங்களுக்கு உதவி உண்டு. ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிச் செயல்படும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாத பாட்டி, சித்தி எந்த வருமானத்தில் இருந்தாலும், பெண் என்ற ஒரு காரணத்துக்காகவே கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

இரு பெற்றோரும் இல்லை, அல்லது இருக்கும் ஒருவர் மனதாரச் சம்மதிக்கிறார் என்றால் உறவினர் தத்து என்று ஒரு வழி இருக்கிறது. தாத்தா பாட்டி, அத்தை, சித்தப்பா, மாமா, சித்தி எல்லோரும் இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் என்ற வரையறைக்குள் வருவார்கள். தத்தெடுப்போருக்கான வயது வரம்பு இவர்களுக்கு இல்லை. 5 வயது நிரம்பிய குழந்தையின் சம்மதமும் கேட்பார்கள். 2022 செப்டம்பர் முதல் உத்தரவு போடுவது கோர்ட்டு இல்லை, மாவட்ட ஆட்சியர். கஸ்டடி உத்தரவை நிலைமை மாறினால் மறுபடி கேட்டு மாற்றலாம். தத்து அப்படி இல்லை. எனவே மருமகனை மிரட்டி வாங்கும் சம்மதத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

உத்தரவு நமக்குச் சாதகமாக வந்தால் அன்றே காப்பி அப்ளிகேஷன் போட்டு மூன்று சான்றிட்ட நகல் வாங்குங்கள். பள்ளிக்கு ஒன்று, பாஸ்போர்ட், வங்கி என்று கேட்கும் இடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. கார்டியனாக நியமித்திருந்தால் அந்தக் கோர்ட்டு எல்லையைவிட்டுக் குழந்தையோடு குடிபெயர அனுமதி வாங்க வேண்டும். மாமாவுக்கு கோவையில் வேலை கிடைத்தது என்று பேசாமல் போய்விட்டால் அதையே காரணமாகக் காட்டி நீக்கக் கேட்பார்கள்.

பாதகமாக வந்தால் குடும்ப நீதிமன்ற உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். அதற்குள் ஒப்படைக்கும் தேதி வந்துவிட்டால், தடையுத்தரவு கையில் இல்லாதவரை ஒப்படைத்தே ஆக வேண்டும். அன்று பையில் துணிமணியோடு தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்று, எந்த மருந்து சேராது என்று எழுதிய சீட்டு, ராத்திரி கட்டிக்கொண்டு தூங்கும் அந்தப் பழைய தலையணை எல்லாம் இருக்க வேண்டும். இருட்டில் எழுந்து அழுதால் விளக்கைப் போடக் கூடாது, முதுகைத் தட்டினால் போதும் என்பதுபோன்ற விஷயங்களை அப்பாவிடமோ அந்தப் புது அம்மாவிடமோ நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு வந்து பார்க்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.